மாற்று எரிபொருள் ஏற்பாடு: வன்னி நீரிறைப்பு இயந்திரங்களை முன்வைத்து ஒரு குறிப்பு

வடபகுதி மீது 1990 இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை 2002 இல் தளர்த்தப்படும் வரை, வன்னி விவசாயியின் நீரிறைப்பு இயந்திரத்துக்குப் பெற்றோல் கிடைப்பது அரிதாயிருந்தது. மண்ணெண்ணெய் அதன் இடத்தைப் பெற்றது. இதனைத் ‘தமிழர் விவேகம்’ என்று பாராட்டி அமைவோர் பலர். அப்பாராட்டு எதனையும் விளக்குவதில்லை. அவ்வேற்பாடு எவ்வாறு இயங்கிற்று, எந்நிலையில் தவறத்தக்கது என்பனவே ஆராயற்பாலன.

பெற்றோல் குளிர்ந்த நிலையிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே தீப்பற்றத்தக்க அளவு ஆவியைத் தரும். எனவே, இயந்திரத்தைச் சிறிது பெற்றோலினால் முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். இம்முறை வன்னியிற் பிறந்ததன்று. 1949 இல் பிரித்தானியாவில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திர வகையொன்றிலேயே இரு எரிபொருள்களுக்கும் தனித்தனி அறைகள் இருந்தன. எரிபொருட்கலன் மேலே இருப்பின் எரிபொருளை அனுப்பத் தனிப் பம்பியும் வேண்டியதில்லை. இரணைமடு வாய்க்காலில் நீரைச் செலுத்தும் புவியீர்ப்பே இங்கும் தொழிற்படுகின்றது.

ஆர்வலர் தாமே கட்டும் சிறு விமானங்கள் இவ்விடத்து நல்ல ஒப்பீடாகும். சிறகு மேலே அமைந்தவற்றிற் புவியீர்ப்பே பெரும்பாலும் போதும். சிறகு கீழே அமைந்தவற்றில், இயந்திரத்தால் இயங்கும் பம்பியொன்றும் அது தவறினால் உதவ மின்பம்பியொன்றும் வேண்டும். மின்பம்பியைக் கலனுக்கு அருகே, தாழ்வாகப் பொருத்துவர். வெப்பமான குழாயில் எரிபொருளை உறிஞ்சி இழுத்தால் அது ஆவியாகிக் குழாயை அடைக்கும், கீழிருந்து தள்ளினால் அவ்வபாயம் குறையும். நின்றுபோன பம்பி மற்றதன் வழியை மறிக்காதிருத்தலும் அவசியம். இரண்டுமே மின்பம்பிகளாயின், ஒரே மின்கலத்தில் அவற்றை இணைப்பவன் உண்மையில் ஒரு பம்பியையே வைத்திருக்கின்றான். பம்பிகளின் தொகையன்று, அவை பழுதுறும் காரணங்கள் வேறுவேறாயிருப்பதே ஈண்டு கருதத்தக்கது.

இவ்வளவுகோலினால் வன்னி ஏற்பாட்டை நோக்குவோம். கலன்கள் இரண்டு, ஆயின் தடைக்காலத்தில் இரண்டு எரிபொருள்களும் ஒரே அரசின் அனுமதிக்கே காத்திருந்தன. 2022 இல் அனுமதிப் பிரச்சினை இல்லை, டொலர் இல்லை. பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஒருசேர அருகின. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மின்பம்பி வைத்திருந்தோரும் தப்பவில்லை. எரிபொருளின்மையாற் பல மணிநேர மின்வெட்டும் உடன் வந்தது.

சூரியக்கலப் பம்பி இச்சங்கிலிக்குப் புறம்பானது. உண்மையான மாற்று அதுவே. ஆயின் அதற்கு முழுத்தொகையும் முதலிலேயே வேண்டும், நிலமும் நிலையாகத் தன்னதாதல் வேண்டும். குத்தகைக்குப் பயிரிடுபவன், அடுத்த போகத்தில் தனதல்லாத காணியில் அதனை நாட்டுவானா? துலாவுக்கு மீளலாம் என்பார் உளர். துலா எரிபொருள் கேளாது. கூலியில்லாக் குடும்ப உழைப்பைக் கேட்கும்.