கலத்தின் கோலமும் நஞ்சின் குணமும்

ஹந்தானை மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களிலே, முதுகிலே தெளிகருவியைச் சுமந்து களைநாசினி தெளிப்போரை நம்மிற் பலர் கண்டிருப்போம். இந்நாட்டிலே நெடுங்காலம் வழங்கிய பரகுவாற்று என்னும் களைநாசினி 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டது. உட்சென்றால் நுரையீரலைச் சிதைப்பது அது, முறிமருந்து இல்லாதது. விலக்கு வருமுன்னர் அதனால் மாண்டோர் பலர். ஒரு பொருளின் தீங்கை உயிர்கள் மாளுமுன்னரே அறிதற்கு வழியுண்டா?

நம் உடல் கலங்களால் ஆயது. கலம் என்னும் சொற்குப் பாண்டம் என்றும் பொருளுண்டு. அதனாலேயோ, மாணவர் கலத்தை நீர் நிறைந்த பானையாகவே எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அஃது ஆள் நிறைந்த வீடு. கருவும், ஆற்றல் ஆக்கும் இழைமணிகளும், பிறவும் தத்தம் இடத்திலே தொழில் செய்கின்றன. நஞ்சு புகுந்தவுடன் கலம் பெரும்பாலும் மடிவதில்லை. முதலிலே வீட்டின் ஒழுங்கு குலைகின்றது.

குறிஞ்சி நிலத்துக் காந்தளை எடுத்துக்கொள்வோம். கார்த்திகைப் பூ என்பதும் அதுவே. அதன் கிழங்கை வற்றாளைக் கிழங்கென மயங்கி உண்டு நஞ்சேறியோர் உளர். அதிலுள்ள கொல்சிசீன், கலத்தினுள்ளே நுண்குழாய்கள் உருவாகாமல் தடுக்கும். கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்வன அக்குழாய்களே. அவை இல்லாதவிடத்துப் பிரிவு நடுவழியில் நின்றுவிடும். நிறமூர்த்தங்கள் திரண்டு கிடக்க, கலம் உருண்டுபோகும். பழகிய கண்ணுக்கு நுணுக்குக்காட்டிப் படம் ஒன்றே போதும். இன்னவகை நஞ்சென்று கூறிவிடலாம்.

ஆயின் பல்லாயிரம் பொருள்களை எவர் இருந்து பார்ப்பது? இதற்கென அமெரிக்காவிலுள்ள புரோட் நிறுவனத்து ஆய்வாளர் 2013இல் ஒரு முறையை வெளியிட்டனர். அதனைக் கல ஓவியம் எனலாம். 384 குழிகளையுடைய சிறு தட்டிலே மனிதக் கலங்களை வளர்த்து, குழிக்கொரு பொருளாக இடுவர். பின்னர் ஆறு சாயங்களால் எட்டு உறுப்புகளை ஒளிரச் செய்து, ஐந்து நிறங்களிற் படமெடுப்பர். கணினி, கலமொன்றுக்குப் பருமன், வடிவம், சாயத்தின் செறிவு முதலாக ஏறத்தாழ 1,500 அளவுகளை எடுத்து, பொருள் இடாத கலங்களின் அளவுகளோடு ஒப்பிடும். புதிய பொருளொன்றின் அளவுகள் கொல்சிசீனின் அளவுகளை ஒத்திருப்பின், அதுவும் நுண்குழாய்களைத் தாக்குவதோ என்று ஐயுறலாம். 2023இல் வெளியான தொகுப்பு ஒன்றில் ஏறத்தாழ 116,000 பொருள்கள் இவ்வாறு படமாயின. சூழலிற் கலக்கும் 462 பொருள்களை அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகத்து ஆய்வாளர் இம்முறையால் ஆராய்ந்து, 2020இல் முடிபுகளை வெளியிட்டனர்.

எனினும் நம் மனத்திலே ஓர் ஐயம் எழுகின்றது. இம்முறைக்குப் பெரிதும் பயன்படுவன எலும்புப் புற்றொன்றிலிருந்து வளர்த்த கலங்கள். பரகுவாற்றோ நுரையீரற் கலங்களிலே தேடிச் சென்று செறிவது. இன்னும் சில பொருள்கள் ஈரல் அவற்றை மாற்றிய பின்னரே நஞ்சாகும். ஆகவே இம்முறை ஒரு சல்லடை. எதனை முன்னே ஐயுறவேண்டுமென்று அது கூறலாம், எது தீங்கற்றதென்று கூறமாட்டாது. இக்குறையை ஆய்வாளரும் அறிவர். 2020இல் வெளியான பிறிதோர் ஆய்விலே, நுரையீரல், ஈரல் முதலியவற்றினின்று பெற்ற கலங்களும் உட்பட ஆறு வகை மனிதக் கலங்களிலே அதே பொருள்களை இட்டு ஒப்பிட்டுப் பார்த்துள்ளனர்.