வானம் காலியாத்தான் இருக்கு, பறக்கலாமா? நோட்டாம் படிக்கக் கத்துக்கலாம் வாங்க!

போன செமஸ்டர்ல ஒரு புதன்கிழமை காலை. திருவொற்றியூர் கடற்கரையில எங்க டீம் நாலு பேரும் ட்ரோனோட நின்னோம். ப்ராஜெக்ட் சிம்பிள்தான். ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடல் அரிப்பைத் தடுக்க கல்லைக் கொட்டி தூண்டில் வளைவு போட்டிருக்காங்க இல்லையா, ரெண்டு வளைவுக்கு நடுவுல எவ்வளவு மணல் சேருதுன்னு மேலிருந்து போட்டோ எடுத்து அளக்கணும். ஞாயிறு ராத்திரியே டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்தாச்சு. நாங்க குறிச்ச இடம் பச்சை. பேட்டரி ஃபுல். காத்தும் கம்மி.

படகு பக்கத்துல வலையைச் சரி பண்ணிக்கிட்டிருந்த ஒரு அண்ணன் ட்ரோனைப் பார்த்துட்டு, "தம்பி, இன்னைக்கு யாரோ பெரிய தலைவர் வர்றாராமே. இதெல்லாம் விடக் கூடாதுன்னு டிவியில சொன்னாங்க, பார்த்தீங்களா?"ன்னு கேட்டார். போனை எடுத்து வரைபடத்தை மறுபடி திறந்தோம். ஞாயித்துக்கிழமை பச்சையா இருந்த இடம் புதன்கிழமை சிவப்பு.

அன்னைக்கு ட்ரோனைப் பெட்டிக்குள்ள வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்துட்டோம். அவர் மட்டும் கேக்கலைன்னா ட்ரோன் போலீஸ் ஸ்டேஷன்ல இருந்திருக்கும், நாங்க ரிவ்யூவுக்குப் பதிலா வேற எங்கேயோ நின்னிருப்போம். நாங்க வரைபடத்தைப் பார்க்காம போகலை. பார்த்தோம், ஆனா மூணு நாள் முன்னாடி பார்த்தோம். இந்தக் கட்டுரை அந்த மூணு நாளைப் பத்தினதுதான்.

தற்காலிகத் தடைன்னா என்ன?

வானத்துல ரெண்டு வகைத் தடை இருக்கு. ஒண்ணு நிரந்தரமானது: ராணுவப் பகுதி, ஏவுதளம், முக்கியமான ஆலைகள் மாதிரி. இது வரைபடத்திலேயே அச்சாகி இருக்கும். இன்னொண்ணு சில மணி நேரமோ சில நாளோ மட்டும் வர்றது. தலைவர்கள் வருகை, விமான சாகச நிகழ்ச்சி, ராக்கெட் ஏவுதல், ராணுவப் பயிற்சின்னு காரணம் மாறும். இந்த ரெண்டாவது வகையை உலகம் முழுக்க பைலட்டுகளுக்குச் சொல்ற அறிவிப்புக்குப் பேர்தான் நோட்டாம். 'நோட்டீஸ் டு ஏர்மென்' அப்படிங்கறதோட சுருக்கம். நம்ம நாட்டுல இதை வெளியிடுறது இந்திய விமான நிலைய ஆணையம்.

ரன்வே பழுது, அணைஞ்சு போன விளக்கு, புதுசா நிக்கிற கிரேன் எல்லாமே நோட்டாம்லதான் வரும். அந்தக் கூட்டத்துக்குள்ளதான் நமக்கு வேண்டிய வான் தடையும் ஒளிஞ்சிருக்கும்.

நம்ம வீட்டு மொட்டை மாடிக்கு மேலேயே நடந்தது

2024 அக்டோபர் 6 நினைவிருக்கா? மெரினாவுல விமானப்படையோட சாகச நிகழ்ச்சி. அந்த மாசத் தொடக்கத்துல ஒத்திகை நடந்த நாட்கள்லயும் சில மணி நேரங்களுக்குச் சென்னை வான்வெளி மூடப்பட்டுச்சு, பயணிகள் விமானங்களோட நேரம் மாத்தப்பட்டுச்சு. ராயபுரத்துல மாடியில நின்னு வீடியோ எடுத்த நாம எல்லாரும் ஒரு தற்காலிகத் தடைக்குக் கீழதான் நின்னுக்கிட்டு இருந்தோம்.

இன்னும் அடிக்கடி நடக்கிறது ராக்கெட். எண்ணூர்ல இருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டுல 60 கிலோமீட்டர் கூட இல்லை. ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்னாடி விமானங்களுக்கு நோட்டாம், கப்பல்களுக்குத் தனியா கடல் எச்சரிக்கை, பழவேற்காடு பக்க மீனவர்களுக்குக் கடலுக்குப் போக வேண்டாம்னு அறிவிப்பு. எரிஞ்சு முடிஞ்ச ராக்கெட் பாகங்கள் கடல்ல விழும்ங்கறதால, விழ வாய்ப்புள்ள பகுதிகள் எல்லாம் மூடப்படும். இது வெறும் பயம்னு நினைக்காதீங்க. 2025 ஜனவரி 16 அன்னைக்கு அமெரிக்காவுல ஏவின ஸ்டார்ஷிப் ராக்கெட் வெடிச்சுச் சிதறினப்போ, கரீபியன் கடலுக்கு மேல போன பல விமானங்கள் வழி மாறிப் போக வேண்டி வந்துச்சு.

ராக்கெட் தடையில இன்னொரு சிக்கல், தேதி நகரும். சந்திரயான்-2 முதல்ல 2019 ஜூலை 15 அதிகாலை 2:51-க்குப் போக வேண்டியது. 56 நிமிஷம் பாக்கி இருக்கும்போது நிறுத்தினாங்க. கடைசியில ஜூலை 22 மதியம் 2:43-க்குத்தான் போச்சு. இப்படி ஆகும்போது பழைய நோட்டாம் செத்துடும், புதுசு ஒண்ணு பிறக்கும். பழசை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கிறவர் ரெண்டு தடவை ஏமாறுவார்: தடை இல்லாத நாள்ல வீட்டுல உக்காந்திருப்பார், தடை இருக்கிற நாள்ல கிளம்பிடுவார்.

ஒரு நோட்டாமைப் பிரிச்சுப் பார்ப்போம்

கீழே இருக்கிறது நானே உருவாக்கின ஒரு மாதிரி. உண்மையான நோட்டாம் ஆங்கிலச் சுருக்கெழுத்துல, முழுக்க பெரிய எழுத்துல இருக்கும். அமைப்பு இதேதான்.

ஏ) விஓஎம்எஃப்
பி) 2602140430
சி) 2602140730
ஈ) 1306 வடக்கு, 08018 கிழக்கு மையமாக 5 நாட்டிக்கல் மைல் ஆரத்துக்குள் பறக்கத் தடை
எஃப்) தரை மட்டம்
ஜி) கடல் மட்டத்திலிருந்து 3000 அடி

'ஏ' எந்த வான் எல்லைன்னு சொல்லுது. விஓஎம்எஃப்னா சென்னை வான் தகவல் பிராந்தியம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னைன்னு நாட்டுல நாலு பெரிய பிராந்தியம் இருக்கு.

'பி' தொடக்கம், 'சி' முடிவு. வருஷம், மாசம், தேதி, மணி, நிமிஷம்னு ரெண்டு ரெண்டு இலக்கமாப் படிக்கணும். 2026 பிப்ரவரி 14, 04:30 முதல் 07:30 வரை. "ஓ, காலை ஏழரைக்கே முடிஞ்சிடுதே, பத்தரைக்குப் பறக்கலாம்"னு தோணுதா? அங்கதான் மாட்டுவீங்க. நோட்டாம் நேரம் எப்பவுமே யூடிசி. நம்ம நேரத்துக்கு 5 மணி 30 நிமிஷம் கூட்டணும். அப்போ தடை காலை 10 மணியில இருந்து மதியம் 1 மணி வரை. பத்தரைக்குப் பறந்தா நட்ட நடுவுல பறக்கிறீங்க.

தேதியே கூட மாறிடும். 2025 மே மாசம் இந்தியா-பாகிஸ்தான் மோதல் நேரத்துல வடக்கு, மேற்கு இந்தியாவுல 32 விமான நிலையங்களை மூடினாங்களே, அந்த அறிவிப்புல முடிவு தேதி மே 14-ன்னு இருந்துச்சு. இந்திய நேரப்படி அது மே 15 காலை 5:29. நிலைமை தணிஞ்சதும் மே 12-ஏ திறந்துட்டாங்கங்கறது வேற விஷயம். அதாவது, நோட்டாம் நீளவும் செய்யும், சீக்கிரமே ரத்தாகவும் செய்யும்.

'ஈ' இடம். இங்க ஒரு அழகான கணக்கு இருக்கு. அட்சரேகையில ஒரு நிமிஷம்னா ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1852 மீட்டர். நம்ம மாதிரியில மையம் 13 டிகிரி 06 நிமிஷம், சென்னைத் துறைமுகம் பக்கம். திருவொற்றியூர் சுமாரா 13 டிகிரி 10 நிமிஷத்துல இருக்கு. வித்தியாசம் 4, அப்போ வட்டத்துக்கு உள்ளே. எண்ணூர் சுமாரா 13 டிகிரி 13 நிமிஷம். வித்தியாசம் 7, அப்போ வெளியே. கடற்கரை ஏறக்குறைய வடக்கு-தெற்கா ஓடுறதால நம்ம ஏரியாவுக்கு இந்தக் கழித்தல் கணக்கே போதும், கால்குலேட்டர் கூட வேண்டாம். 5 நாட்டிக்கல் மைலை 5 கிலோமீட்டர்னு எடுத்துக்கிட்டா மட்டும் திருவொற்றியூர் தப்பிச்ச மாதிரி தெரியும். உண்மையில அது 9 கிலோமீட்டருக்கு மேல.

'எஃப்', 'ஜி' ரெண்டும் உயரம். தரையில இருந்து 3000 அடி வரை. 5000 அடியில போற விமானத்துக்கு இது பிரச்சினை இல்லை. 100 அடியில நிக்கிற உங்க ட்ரோனுக்கு முழுப் பிரச்சினை.

பிரைவேட் பைலட் என்ன பண்ணுவார்?

பிரைவேட் பைலட் லைசென்ஸ் வாங்க நம்ம நாட்டுல 17 வயசும் குறைஞ்சது 40 மணி நேரப் பறப்பும் வேணும். பெரிய ஏர்லைன்ஸ் பைலட்டுக்குப் பின்னாடி ஒரு அலுவலகமே உக்காந்து நோட்டாம் அலசும். செஸ்னா மாதிரி குட்டி விமானம் ஓட்டுறவருக்கு அலசுறது, முடிவெடுக்கிறது, ஓட்டுறது எல்லாமே அவர்தான்.

கிளம்பும் முன்னாடி பாதை முழுக்க இருக்கிற நோட்டாமை எடுத்து, தடை வட்டங்களை வரைபடத்துல பென்சிலால வரைவார். அப்புறம் வட்டத்தை உரசாம ரெண்டு மூணு மைல் தள்ளிப் போட்டு பாதை போடுவார். ஏன் தள்ளி? 100 நாட் வேகத்துல 5 நாட்டிக்கல் மைல் தூரம் மூணே நிமிஷம். பக்கக் காத்து கொஞ்சம் தள்ளினாலும், ரேடியோவுல ஒரு பேச்சு நீண்டாலும், உள்ளே போயிடுவீங்க.

நம்ம நாட்டுல இன்னொரு படியும் உண்டு. விமானப் பயணத் திட்டம் கொடுத்ததும், வான் தகவல் மையத்துல இருந்து எஃப்ஐசி எண், விமானப்படை பக்கத்துல இருந்து ஏடிசி எண்ணுன்னு ரெண்டு எண் வாங்கணும். ஏடிசின்னா வான் பாதுகாப்பு அனுமதி. வானத்துல நகர்ற புள்ளி யாரோடதுன்னு ராடார்ல பார்க்கிறவருக்கு முன்கூட்டியே தெரியணும்ங்கறதுக்குத்தான் இது.

பறக்க ஆரம்பிச்ச அப்புறமும் ரேடியோ காதுல இருக்கும். சந்தேகம் வந்தா கேட்டுடுவார். தப்பித் தவறி உள்ளே போயிட்டா ஒளிஞ்சு ஓட மாட்டார். கன்ட்ரோலரைக் கூப்பிட்டு, இருக்கிற இடத்தைச் சொல்லி, சொன்ன திசையில திரும்புவார். போர் விமானம் பக்கத்துல வந்து இறக்கையை ஆட்டினா, "உன்னை இடைமறிச்சிருக்கேன், என் பின்னாடி வா"ன்னு அர்த்தம். பதிலுக்கு இவரும் இறக்கையை ஆட்டிட்டு, பின்தொடர்ந்து, 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில பேசணும்.

இவ்வளவு செஞ்சும் தப்பு நடக்குது. 2017 ஜூலையில சான் பிரான்சிஸ்கோவுல ஒரு ஏர் கனடா விமானம், நாலு விமானங்கள் வரிசையா நின்ன டாக்ஸிவேயை ரன்வேன்னு நினைச்சு இறங்க வந்து, கடைசி நொடியில மேலே ஏறிச்சு. பக்கத்து ரன்வே மூடியிருக்குங்கற தகவல் பைலட்டுகளுக்குக் கொடுத்த 27 பக்கக் கட்டுல 8-வது பக்கத்துல இருந்துச்சு. தகவல் இருக்கிறது வேற, கண்ணுல படுறது வேற. நல்ல பைலட் அதனாலதான் முழுக் கட்டையும் ஒரே மாதிரி படிக்க மாட்டார். முதல்ல நேரம், அடுத்து இடம், அடுத்து உயரம்னு சலிச்சு, தன் பயணத்தைத் தொடுறதை மட்டும் தனியா எடுத்து வைப்பார்.

சரி, ட்ரோன் விடுற நமக்கு?

2021 ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சிருக்கு. பச்சையில 400 அடி வரை அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றுச்சுவர்ல இருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள்ளன்னா 200 அடி வரைதான். மஞ்சள்ல வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டோட அனுமதி, சிவப்புல மத்திய அரசு அனுமதி. மீனம்பாக்கத்துல இருந்து ராயபுரம் 12 கிலோமீட்டருக்கு வெளியேதான். அதுக்காக நிம்மதியா இருந்துடாதீங்க. ரெண்டு துறைமுகம், அனல் மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைன்னு வடசென்னை முழுக்க முக்கியமான இடங்கள். ஒரு தெரு தள்ளினா நிறம் மாறலாம்.

நாங்க மாட்ட இருந்தது இதே விதிகள்ல இருக்கிற 'தற்காலிகச் சிவப்பு மண்டலம்'. மாநில அரசோ காவல்துறையோ அவசரத் தேவைன்னா ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை மூடலாம். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி அறிவிக்கணும், தேவைக்கு மேல பெருசா மூடக் கூடாது, டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல காட்டணும். நமக்கும் ஒரு கடமை உண்டு: ஒவ்வொரு தடவையும் பறக்கும் முன்னாடி அந்தத் தளத்தைப் பார்த்தே ஆகணும். விதியை மீறினா ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். "தெரியாது சார்"ங்கறது பதில் ஆகாது.

"எங்க ட்ரோன் ரெண்டு கிலோ கூட இல்லையே"ன்னு கேக்கலாம். வணிகம் இல்லாத பயன்பாட்டுக்கு ரெண்டு கிலோ வரைக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லைங்கறது சரி. தடைக்கு எடை கணக்கே இல்லை.

இப்போ எங்க டீம் ஃபாலோ பண்றது இவ்வளவுதான்:

1. திட்டம் போடும்போது ஒரு தடவை வரைபடம் பார்க்கணும். இது இடம் தேர்வுக்கு மட்டும்.
2. முந்தின நாள் ராத்திரி மறுபடி. கூடவே உள்ளூர்ச் செய்தி: தலைவர் வருகை, போலீஸ் அறிவிப்பு, ராக்கெட் தேதி.
3. ஸ்பாட்ல, ப்ரொப்பெல்லர் மாட்டும் முன்னாடி கடைசியா ஒரு தடவை. இதுதான் கணக்குல வரும்.
4. நேரம் யூடிசியா, இந்திய நேரமா? தூரம் நாட்டிக்கல் மைலா, கிலோமீட்டரா? சத்தமா ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் பதில் சொல்லணும்.
5. சந்தேகமா இருந்தா, பெட்டியை மூடணும்.

மூணு வாரம் கழிச்சு அதே இடத்துக்குத் திரும்பப் போனோம். வரைபடம் பச்சை. அந்த அண்ணன் அன்னைக்கும் வலை பின்னிக்கிட்டிருந்தார். "இன்னைக்கு விடலாமாண்ணே?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டோம். "நான் கடலுக்குக் கெளம்புற அன்னைக்கே காத்தைப் பார்த்துட்டுதாம்பா எறங்குவேன். நேத்து காத்து நேத்தோட போச்சு"ன்னார். பன்னிரண்டு நிமிஷம் பறந்தோம். போட்டோ எல்லாம் வந்துச்சு.