டசர் நூலும் தொடைத் தழும்பும்

ஜார்க்கண்டின் சாய்பாசா, குச்சாய் வட்டாரங்களில் செப்டம்பர் பிறந்துவிட்டால் டசர் பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளிலிருந்து ஒருவராவது காட்டுக்குக் குடிபோய்விடுவார். கையில் உண்டிவில். நீர்மருது, கருமருது மரங்களில் விட்ட புழுக்களுக்கு இரவும் பகலும் காவல். மல்பெரிப் புழுவைப்போல வீட்டுக்குள் தட்டில் வைத்து வளர்க்கும் இனமல்ல இது. மழை, வெயில், பறவை, எறும்பு, குளவி எல்லாவற்றுக்கும் மரத்திலேயே தப்பி, நான்கு முறை தோலுரித்து, கிளையில் காம்போடு கூடு கட்டவேண்டும்.

முட்டையிலேயே தோற்பதும் உண்டு. பெப்ரைன் நோய் தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டைக்கு வந்துவிடும். முட்டையிட்டு முடித்த தாயை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நல்ல முட்டையைப் பிரிக்கிறார்கள். ராஞ்சியின் மத்திய டசர் ஆராய்ச்சி நிலையமும் பிரதான் தொண்டு நிறுவனமும் இந்த வேலையைக் கிராமத்தாருக்கே பழக்கிவிட்டன. துண்டு நிலத்தில் ஒருபோக நெல் மட்டுமே விளையும் ஆதிவாசிக் குடும்பத்துக்கு இது பெரிய பலம். மரத்தை வெட்டாமலே காசு வருகிறது.

ஆனால் கூட்டை விற்றால் கிடைப்பது ஒரு பங்குதான். நூலும் துணியும் ஆகும்போதுதான் விலை ஏறுகிறது. அந்த லாபம் பாகல்பூர், சாம்பா சந்தைகளுக்குப் போய்விடுகிறது. நூற்கும் பெண்களுக்கோ புண்தான் மிச்சம். கூட்டைச் சோடா கலந்த நீரில் வேகவைத்து, நாலைந்து கூடுகளின் இழைகளைச் சேர்த்துப் பிடித்து, வெறுந்தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி முறுக்கேற்றுவார்கள். நாள் முழுக்க அதே இடத்தில் உரசும். தோல் கன்றி, புண்ணாகி, கடைசியில் கறுத்துக் காய்த்துப்போகும். நம் ஊர்க் கடைகளில் தேன்நிறத்தில் தொங்கும் டசர் சேலைகளில் இப்படி நூற்ற நூலும் உண்டு. பெண்ணின் தோலைத் தேய்த்து வரும் நூலைப் பாரம்பரியம் என்று கொண்டாட என்னால் முடியவில்லை.

இதை ஒழிக்கவென்றே 'புனியாத்' என்ற சிறு நூற்பு இயந்திரத்தை மத்திய அரசு 2019-இல் பழங்குடிப் பெண்களுக்கு வழங்கியது. தொடையில் நூற்றால் நாளுக்கு 125 ரூபாய், இயந்திரத்தில் 350 ரூபாய் என்பது அப்போது ஜவுளி அமைச்சகம் சொன்ன கணக்கு.

இயந்திரம் மட்டும் போதாது. கூடு இறங்குவது வருஷத்தில் சில வாரங்கள்தான். அப்போதே வாங்கிச் சேர்த்தால்தான் மற்ற மாதங்களில் நூற்கலாம். அந்தச் சமயத்தில் ரொக்கம் வைத்திருப்பவர் வியாபாரி. மகளிர் குழுக்களுக்கான வங்கிக் கடன் அறுவடைக்கு முன்பே கைக்கு வரவேண்டும். பொங்கலுக்குப் பிறகு வரும் கடனால் கூடு வாங்க முடியாது.