பக்கெட் லொறியில் ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்வி



எம்பிலிப்பிட்டிய டவுனிலும் இறக்குவானை, கொடக்கவெல பக்கத்து ரோட்டுகளிலும் ஒரு வகை லொறியை நாம் பார்த்திருப்போம். லொறியின் முதுகில் மடக்கி நீட்டுகிற பெரிய இரும்புக் கை. அதன் நுனியில் ஆள் நிற்க ஒரு தொட்டி. தெருவிளக்கு மாற்ற, மின்கம்பி பார்க்க, கம்பியில் சாய்ந்த மரக்கொப்பு வெட்ட இது வரும். பக்கெட் லொறி என்று சொல்வார்கள். இந்த மெஷின் முதலில் உண்டானதே ஒரு தோட்ட வேலைக்குத்தான். 1940களில் அமெரிக்காவில் ஜே ஈட்டெல் என்பவர் செரிப் பழம் பறிக்க இதைச் செய்தார். பிறகுதான் மின்சார வேலைக்கும் டெலிபோன் வேலைக்கும் வந்தது.

இதைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். இன்றைக்கு நம் லயங்களில் இருந்து வெளியே போகிற பிள்ளைகள் எல்லாரும் கடையிலும் ஹோட்டலிலும் மட்டும் வேலை செய்வதில்லை. விளம்பரப் பலகை கட்டப் போகிறார்கள், கேபிள் இழுக்கப் போகிறார்கள், மாடிக் கட்டிடத்துக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். அந்தத் தொட்டியில் நிற்பது நம்ம வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

அந்தக் கையைத் தூக்குவது எண்ணெய். பம்ப் எண்ணெயைப் பலமாகத் தள்ள, குழாய் வழியாகப் போய் அது கையை நிமிர்த்துகிறது. எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் கை தடாலென்று விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு வால்வு உண்டு. கை சாயும்போது தொட்டி சாயாமல் நேராக நிற்க ஓர் ஏற்பாடு உண்டு. லொறி கவிழாமல் இருக்க நாலு பக்கமும் கால் ஊன்றி நிற்கும். இத்தனையும் சரியாக இருந்தால்தான் மேலே நிற்பவன் உயிர் பத்திரம். ஒரு வெல்டிங்கில் வெடிப்பு விழுந்தாலும், ஒரு ஆணி தேய்ந்தாலும், 30, 40 அடி உயரத்தில் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

பாவனையில் தேய்ந்து வருகிற பழுது ஒன்று. கம்பெனியிலேயே பிழையாகச் செய்து அனுப்பிய பழுது இன்னொன்று. இந்த இரண்டாவது வகைப் பழுது தெரிய வந்தால், செய்த கம்பெனியே "பிழை எங்களுடையது, வண்டியைக் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் திருத்தித் தருகிறோம்" என்று அறிவிக்க வேண்டும். இதைத்தான் ரீகோல் என்கிறார்கள். தமிழில் திரும்ப அழைத்தல் என்று சொல்லலாம். அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு இதற்கு அடிப்படையான சட்டம் வந்தது. பழுதைக் கண்டுபிடித்த கம்பெனி அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும், வண்டிச் சொந்தக்காரருக்குக் கடிதம் போட வேண்டும், இலவசமாகத் திருத்த வேண்டும். ஜப்பானிலும் இப்படிச் சட்டம் உண்டு.

சட்டம் இருந்தும் கம்பெனி மறைத்தால் என்ன ஆகும்? ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். 2002 ஜனவரி 10ஆம் திகதி யோக்கோஹாமா நகரத்தில், ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி பெரிய லொறி ஒன்றின் முன் சில்லு கழன்று ஓடியது. நடைபாதையில் இரண்டு ஆண் பிள்ளைகளோடு போன 29 வயதுத் தாய் அதில் அடிபட்டு இறந்தார். பிள்ளைகள் காயப்பட்டார்கள். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? லொறிக்காரர்கள் சரியாகப் பராமரிக்கவில்லை என்றது. இரண்டு வருஷம் கழித்து, 2004 மார்ச்சில்தான், சில்லைத் தாங்கும் ஹப் என்ற பாகத்தின் அமைப்பிலேயே பிழை இருந்ததை ஒத்துக்கொண்டு லொறிகளைத் திரும்ப அழைத்தது. தரம் பார்க்கும் பொறுப்பில் இருந்த முன்னாள் அலுவலர்கள் இருவருக்குக் கிடைத்த தண்டனையை 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. விபத்து நடந்தவுடனே "வேலையாளின் கவனயீனம்" என்று எழுதிவிடுவது சுலபம். எல்லா நாட்டிலும் அப்படித்தான் முதலில் சொல்வார்கள். உண்மை வெளியே வர, மெஷினையும் பார்க்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே ஓடும் லொறிகளில் நிறைய ஜப்பானில் பாவித்து ரீகண்டிஷனாக வந்தவை. திரும்ப அழைக்கும் கடிதம் போவது கம்பெனியின் பதிவில் இருக்கிற சொந்தக்காரருக்கு. அவர் வண்டியை விற்று, அது கப்பல் ஏறி, இங்கே இரண்டு மூன்று கை மாறிய பிறகு அந்தக் கடிதம் யாருக்கு வரும்? யாருக்கும் வராது. முதலாளிக்கே தெரியாத விஷயம் தொட்டியில் நிற்கிற பையனுக்கு எப்படித் தெரியும்? கடிதம் வராது என்பதால் நாம்தான் தேடிப்போய்க் கேட்க வேண்டும்.

கேட்பது கஷ்டமில்லை. பக்கெட் லொறிக்கு இரண்டு நம்பர் இருக்கும். லொறியின் செசி நம்பர் ஒன்று. தூக்கும் மெஷினைச் செய்தது பெரும்பாலும் வேறு கம்பெனி, அதன் நம்பர் மெஷினில் அடித்திருக்கிற தகட்டில் இருக்கும். ஜப்பான் லொறிக் கம்பெனிகளின் இணையத்தளத்தில் செசி நம்பரைப் போட்டால் அந்த வண்டி திரும்ப அழைக்கப்பட்டதா என்று பார்க்கலாம். இங்குள்ள ஏஜென்ட்டிடமும் கேட்கலாம். மெஷினுக்கு அதைச் செய்த கம்பெனியிடம் தனியாகக் கேட்க வேண்டும். லொறிக்கு மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. இதைச் செய்ய வேண்டியது முதலாளி. "பார்த்தீங்களா ஐயா?" என்று கேட்பது நமது உரிமை.

திரும்ப அழைத்தல் நமக்குப் புதிதும் அல்ல. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் வெடித்தது நினைவிருக்கும். சிலிண்டரில் அடைத்த காஸின் கலவையை மாற்றியதே காரணம் என்று ஆராய்ந்த குழு சொன்னது. ஏற்கெனவே விற்ற சிலிண்டர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அடுப்பைப் பாவித்த அம்மாமார் மேல் பிழை இருக்கவில்லை. மெஷினும் அப்படித்தான்.

பக்கெட் லொறியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வீட்டார் இதைச் சொல்லிவையுங்கள்:

1. ஒவ்வொரு நாளும் ஏறுமுன், ஆள் இல்லாமல் வெறும் தொட்டியை ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஒழுகினாலும், வெல்டிங்கில் கோடு தெரிந்தாலும், கை உதறினாலும் ஏறக் கூடாது.

2. நாலு காலும் கெட்டியான தரையில் ஊன்ற வேண்டும். மழை பெய்து இளகிய மண்ணில் பலகை போட்டே ஊன்ற வேண்டும்.

3. பாதுகாப்புப் பெல்ட்டை மெஷினில் அதற்கென்று இருக்கும் கொளுக்கியில் மாட்ட வேண்டும். பக்கத்து மரத்திலோ போஸ்ட்டிலோ மாட்டினால் தொட்டி அசையும்போது ஆளை இழுத்துவிடும்.

4. மின்சார வேலை பழகாதவர்கள் கம்பியில் இருந்து 10 அடிக்காவது தள்ளி நிற்க வேண்டும். கம்பி உயர் அழுத்தமானால் இன்னும் தள்ளி.

5. கண்ட பழுதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, சொன்ன ஆளின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். முடிந்தால் போனில் படமும் எடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அப்போது அந்தக் கொப்பி பேசும். ஆனால் நட்டஈடு எவ்வளவு வந்தாலும் போன கை, கால் திரும்பி வராது. ஆகவே இந்தப் பக்கத்தை வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது, "நீ ஏறுற மெஷினோட நம்பரைப் பாத்தாங்களா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.