ட்ரோன் படப்பிடிப்பில் ஷட்டரும் ஃபில்டரும் தேர்ந்தெடுக்கும் முறை

2022 டிசம்பர் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. சில நாட்கள் கழித்துத் திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயி ஒருவர், தம் மகன் ட்ரோனில் எடுத்த வீடியோவை எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். கதிர் பிடித்த சம்பா நெல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்த வயலில் நீர் தேங்கியிருக்கிறது என்பது அதில் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் நீரின் மேல் பறக்கும்போது படம் கறுத்தது. பயிரின் மேல் வந்ததும் வெளுத்தது. தோகைகள் வெட்டி வெட்டித் துள்ளின. சாய்ந்த பயிர் எது, நிற்கும் பயிர் எது என்று பிரித்தறிய முடியவில்லை. மறுபடி எடுக்கவும் வழியில்லை. அதற்குள் நீரை வடித்து, பயிரை நிமிர்த்திக் கட்டிவிட்டார்கள்.

கருவியில் குறை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் 'ஆட்டோ'வில் விட்டதுதான் காரணம்.

மடையும் வெளிச்சமும்

கேமராவுக்குள் வெளிச்சம் போவதை வயலுக்கு நீர் பாய்வதைப் போல எண்ணிக்கொள்ளலாம். லென்ஸின் துவாரம் மடையின் அகலம். சிறிய ட்ரோன்களில் பெரும்பாலும் இதை மாற்ற முடியாது. ஷட்டர் என்பது மடை திறந்திருக்கும் நேரம். என்.டி. ஃபில்டர் என்பது வாய்க்காலின் குறுக்கே போடும் அடைப்பு. இது நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. 8ஆம் எண் ஃபில்டர் எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தை விடும். 64ஆம் எண் அறுபத்து நான்கில் ஒரு பங்கை விடும்.

வீடியோ என்பது விநாடிக்கு 25 அல்லது 30 தனித்தனிப் படங்கள். ஒவ்வொரு படத்திலும் அசைவு சற்றே குழைந்திருந்தால்தான் கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தெரியும். இதற்குத் திரைப்படக் கேமரா காலத்திலிருந்து வழங்கிவரும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு படத்திற்குரிய நேரத்தில் பாதி நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். விநாடிக்கு 25 படம் என்றால் ஷட்டர் 1/50 விநாடி. 30 படம் என்றால் 1/60 விநாடி.

நம் பகுதியின் உச்சி வெயிலில் இதைச் செய்து பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 100, லென்ஸ் துவாரம் எஃப் 2.8 என்றால் சரியான வெளிச்சத்துக்குச் சுமார் 1/3200 விநாடி போதும். 1/50 வைத்தால் படம் முழுவதும் வெளுத்துவிடும். ஆட்டோவில் விட்டால் கேமரா தானே 1/3200க்குப் போய்விடும். அப்போது ஒவ்வொரு படமும் கல்லில் செதுக்கியதுபோல் நிற்பதால், காற்றில் ஆடும் தோகை ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவுகிறது. 3200ஐ 50ஆல் வகுத்தால் 64. அந்த எண் கொண்ட ஃபில்டரைப் போட்டால் 1/50 வைத்து எடுக்கலாம்.

இந்த வகுத்தல் ஒன்றே போதும். விற்பனையாளர் தரும் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஃபில்டர் இல்லாமல், ஐ.எஸ்.ஓ.வை 100இல் நிறுத்தி, ஆட்டோ காட்டும் ஷட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு 50ஆல் வகுக்கவும். மெல்லிய மேகத்தில் 1/800 காட்டினால் 16ஆம் எண் ஃபில்டர். காலையில் 1/400 காட்டினால் 8ஆம் எண். விடை இரண்டு எண்களுக்கு நடுவில் வந்தால் சிறிய எண்ணையே எடுத்து, ஷட்டரைச் சற்று வேகமாக வைக்கவும். ஒரு நாள் மாலையில் 64ஆம் எண்ணைக் கழற்ற மறந்து நானே எடுத்த நிலக்கடலைப் பாடப்படம் முழுவதும் புள்ளி புள்ளியாக வந்து வீணாயிற்று.

பயிரைச் சோதிக்க எடுக்கும்போது

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்னது பார்க்க அழகான, ஓட்டமான படத்துக்கு உரியது. தர்ப்பூசணி அறுவடையையோ சவுக்குத் தோப்பையோ வாங்குபவருக்குக் காட்டவும், செயல்விளக்கப் படம் எடுக்கவும் அது ஏற்றது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பயிர்ச் சேதத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்தக் குழைவே எதிரியாகிவிடும். அப்போது என்.டி. ஃபில்டரைக் கழற்றி, ஷட்டரை 1/1000 அல்லது அதற்கு மேல் வைத்து, மெதுவாகப் பறக்கவிட வேண்டும். புயலுக்குப் பிந்தைய படத்துக்கு என் சிபாரிசு இதுதான்.

நீர் நிற்கும் வயலில் வானத்தின் பளபளப்பு கண்ணை மறைத்தால் போலரைசர் என்னும் வேறு வகை ஃபில்டர் உதவும். அதைத் திருப்பிப் பார்த்து, மினுக்கம் அடங்கும் நிலையில் பொருத்த வேண்டும். ட்ரோன் திசை மாறினால் அதன் பயனும் மாறும். ஆகவே ஒரே திசையில் நேர்க்கோட்டில் பறப்பது நலம்.

எந்த வகைப் படமானாலும் ஷட்டர், ஐ.எஸ்.ஓ., வெண்மைச் சமன் மூன்றையும் பூட்டிவிட்டே ட்ரோனைக் கிளப்ப வேண்டும். பகல் வெயிலுக்கு வெண்மைச் சமன் 5500 கெல்வின் சரியாக இருக்கும். பூட்டாமல் விட்டால் பச்சை ஒரு வயலில் மஞ்சளாகவும் அடுத்ததில் நீலமாகவும் தெரியும். மஞ்சளைக் கண்டு தழைச்சத்துக் குறை என்று யூரியா போட்டவர்களும் உண்டு.

கடற்கரைப் பகுதியில் கவனிக்க வேண்டியவை

கடற்காற்று எழுவதற்கு முன் காலையிலேயே படப்பிடிப்பை முடித்துவிடவும். காற்று ஆட்டத்தை எந்த ஃபில்டரும் சரிசெய்யாது. அந்தந்த ட்ரோனுக்கென்று செய்த இலேசான ஃபில்டரையே வாங்கி, மின்விசையைப் போடுவதற்கு முன்பே மாட்ட வேண்டும். கனமான கண்ணாடி கேமராவைத் தாங்கும் சிறு மோட்டாரைக் கெடுத்துவிடும்.

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டுள்ளது. பச்சைப் பகுதியிலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. உங்கள் ஊர் எந்தப் பகுதியில் வருகிறது என்பதை அரசின் வரைபடத்தில் முதலில் பார்க்கவும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பக்கம் ட்ரோனைக் கொண்டுபோகவே வேண்டாம். மாமல்லபுரம் புராதனச் சின்னங்களைப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

கடலோரத்தில் பறந்து வந்த ட்ரோனின் லென்ஸிலும் ஃபில்டரிலும் உப்புப் படிந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்த பின்னரே துடைக்க வேண்டும்.