ஹர்சிலின் முடிசூடா ராஜா

மசூரி கல்லறைத் தோட்டத்தில் ஃபிரெடெரிக் வில்சனின் கல்லறை இருக்கிறது. இறந்த ஆண்டு 1883. கார்வால் மக்களுக்கு இவர் 'பஹாடி' வில்சன். தெஹ்ரி ராஜாவிடம் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, தேவதாரு மரங்களை வெட்டி, கங்கையில் மிதக்கவிட்டு, ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டைகளாக விற்றவர். பணம் குவிந்தது. தன் பெயரிலேயே நாணயமும் வெளியிட்டார்.

பாகீரதிக் கரையில், ஹர்சிலில் அவர் கட்டிய மர மாளிகை 1997இல் தீக்கிரையானது. இன்று அவரைத் தேடுவோருக்கு மிஞ்சியிருப்பவை கல்லறை, சில நாணயங்கள், பழைய வனத்துறை ஏடுகள். அவர் மணந்த முக்பா கிராமத்துப் பெண் குலாபியோ, ஏடுகளைவிட ஊரார் கதைகளில்தான் அதிகம் வாழ்கிறார். ராஜாவுக்குச் சாட்சி கல்லறை. காட்டுக்குக் கல்வெட்டு ஏது?