பிளக் இல்லாத இடத்தில் ஒரு மின்சாரக் கார்

2024 ஜனவரி 19. சவூதி அரேபியாவின் செங்கடலோர நகரமான யன்பூவில் டக்கார் ராலி முடிந்தபோது முதலிடம் ஆடி நிறுவனத்தின் காருக்கு. ஓட்டியவர் கார்லோஸ் சைன்ஸ், வயது 61. பக்கத்து இருக்கையில் வழி சொல்லிக்கொண்டு வந்தவர் லூகாஸ் குரூஸ். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 7,900 கிலோமீட்டர் ஓட்டம். எந்த ஒரு நாளின் கட்டத்திலும் அவர்கள் முதலாவதாக வரவில்லை. ஆனால் மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது வண்டியைவிட ஒரு மணி இருபது நிமிடம் முன்னால் இருந்தார்கள். மின்மோட்டாரால் சக்கரம் சுழலும் கார் ஒன்று டக்காரை வென்றது அதுவே முதல் முறை.

பாலைவனப் பந்தயம் என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது வெயில். உண்மையில் டக்கார் நடக்கும் ஜனவரி அங்கே குளிர்காலம். விடியற்காலையில் கூடாரத்தைவிட்டு வெளியே வருபவர்கள் கனத்த மேலங்கியோடுதான் வருகிறார்கள். வெப்ப அபாயம் என்று ஃபார்முலா 1 வரலாற்றில் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது எந்தப் பந்தயத்துக்குத் தெரியுமா? 2025 அக்டோபரில் நடந்த நம் மரினா பே பந்தயத்துக்கு. அதுவும் இரவுப் பந்தயம்! ஆகவே வெயிலை விடுங்கள். பாலைவனத்தில் மின்சாரக் காருக்கு முதல் தலைவலி, செருகுவதற்குப் பிளக் கிடையாது என்பதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்எஸ் கியூ இ-டிரான் என்ற இந்தக் காரின் மின்கலம் சுமார் 50 யூனிட் கொள்ளும். எடை 370 கிலோ. நாலறை வீவக வீட்டுக்கு ஏறக்குறைய நான்கு நாள் ஓடுகிற மின்சாரம் அது. இரண்டு டன் எடையுள்ள வண்டியை மணல்மேட்டில் ஏற்றி இறக்கிப் பந்தய வேகத்தில் விரட்டினால் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். இன்னொரு பக்கம், காரில் சுமார் 300 லிட்டர் எரிபொருள் தொட்டி இருக்கிறது. எடையில் அது 225 கிலோ அளவுக்கு வரும். காரின் எஞ்சின் ஒரு யூனிட் தயாரிக்க 200 கிராமுக்கும் குறைவாகவே எரிக்கிறது என்பதால், ஒரு தொட்டியிலிருந்து 1,100 யூனிட்டுக்குக் குறையாமல் எடுத்துவிடலாம். அதே நாலறை வீட்டுக்கு அது மூன்று மாதச் செலவு. இந்த 1,100 யூனிட்டையும் மின்கலத்திலேயே சேமித்துக்கொண்டு போவதென்றால் 22 மின்கலங்கள் வேண்டும். எடை எட்டு டன். காரையே அது நான்கு மடங்கு மிஞ்சிவிடும்.

இந்த இடத்தில்தான் ஆடியின் பொறியாளர்கள் ஒரு சுற்றுவழியைப் பிடித்தார்கள். முன் அச்சில் ஒரு மோட்டார், பின் அச்சில் ஒரு மோட்டார். இரண்டும் நகரத் தெருக்களில் நடக்கும் ஃபார்முலா இ பந்தயக் காருக்காக உருவானவை. அதே வகையில் மூன்றாவது மோட்டார் ஒன்றும் உண்டு. ஆனால் அது சக்கரத்தைத் தொடுவதில்லை. ஜெர்மானிய டிடிஎம் பந்தயத்திலிருந்து வந்த இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின் அதைச் சுழற்ற, அது மின்சாரம் தருகிறது. சாதாரணக் காரில் எஞ்சினின் வேகம் சாலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். பாதி நேரம் அது தன் திறனுக்கு ஒவ்வாத வேகத்தில்தான் ஓடும். இங்கே எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இணைப்பே இல்லாததால், நிமிடத்துக்கு 4,500 முதல் 6,000 சுற்று என்ற, எரிபொருள் குறைவாகப் பிடிக்கும் வீச்சிலேயே அதை வைத்திருக்க முடிகிறது. கார் மேடேறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும், சந்தைக் கூடாரத்துக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டர்போல அது தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும்.

முன் அச்சையும் பின் அச்சையும் இணைக்கும் இரும்புத் தண்டும் கிடையாது. எந்த அச்சுக்கு எவ்வளவு திருகுவிசை போக வேண்டும் என்பதை மென்பொருள் தீர்மானிக்கிறது. மணல்மேட்டின் உச்சியைத் தாண்டிக் கார் அந்தரத்தில் பறக்கும் அந்த ஒரு கணத்தை நினைத்துப் பாருங்கள். சக்கரத்துக்கு எதிர்ப்பில்லை, மோட்டார் கண் இமைப்பதற்குள் வெறிபிடித்துச் சுழலப் பார்க்கும். மறுகணம் இரண்டு டன்னும் தரையில் வந்து விழும். அதற்குள் விசையைக் குறைத்து, விழுந்த பிறகு மறுபடி கூட்ட வேண்டும். இந்த வண்டியின் உண்மையான சாதனை எஞ்சினைவிட இந்த மென்பொருளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மணலில் புதையாமல் தப்புவதற்கு மட்டும் பழைய வித்தைதான்: டயரில் காற்றைக் குறைப்பது. ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ என்றால், டயரின் அழுத்தம் 2 பாராக இருக்கும்போது தரையைத் தொடும் பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். ஒரு பாராகக் குறைத்தால் பரப்பு 500 ஆகிவிடும். மணலின் மேல் விழும் அழுத்தம் பாதியாகும். கல்லும் முள்ளுமான தரை வந்தால் திரும்பக் காற்றேற்ற வேண்டும், இல்லாவிட்டால் டயர் கிழியும். மேடேறும்போது வேறொரு சிக்கலும் உண்டு. மோட்டார் முழுச் சக்தியோடு உழைக்கும், கார் நத்தை வேகத்தில் நகரும். குளிர்விக்கக் காற்றோட்டம் இருக்காது. சூடு பாலைவனத்தில் இப்படி உள்ளேயிருந்துதான் அதிகம் வருகிறது.

வெற்றி உடனே கைகூடவில்லை. 2022இல் முதன்முதலாக இறங்கியபோது மூன்றாம் கட்டத்தை சைன்ஸ் வென்றார். ஆனால் அதற்கு முன்பே வழி தவறி இரண்டு மணி நேரத்தைத் தொலைத்திருந்தார். 2023இல் மூன்று ஆடி வண்டிகளில் இரண்டு விபத்தில் சிக்கி வெளியேறின. மிஞ்சியது பதினான்காவதாக வந்தது.

நெடுந்தூரப் பந்தயம் சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1977இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆதரவில் லண்டனிலிருந்து சிட்னிவரை ஒரு ராலி நடந்தது. கார்கள் ஆப்கானிஸ்தான், இந்தியா வழியாக மெட்ராஸ்வரை ஓடி, அங்கே கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, சிங்கப்பூர் வந்து, பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போயின. மெட்ராஸ், பினாங்கு, சிங்கப்பூர்: நம் தாத்தாக்கள் வந்த அதே கப்பல் வழி! வென்ற மெர்சிடிஸ் 280இ கடையில் விற்ற காரின் பந்தய வடிவம். ஆடியின் காரோ முன்மாதிரி வண்டி. எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது.

ஆனால் அதன் கருத்தை வாங்க முடியும். நிசானின் இ-பவர் வண்டிகளில் எஞ்சின் மின்சாரம் மட்டும் தயாரிக்கிறது, சக்கரத்தை மோட்டார் சுழற்றுகிறது. சிராங்கூன் சாலையில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த வண்டிக்கும் யன்பூவில் வென்ற காருக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றே. இதற்கெல்லாம் மின்சாரக் கார் என்ற பெயர் கொஞ்சம் தாராளம்தான். கடைசியில் எரிவது திரவ எரிபொருள். ஆடி 2023 முதல் பெரும்பகுதி தாவர எச்சத்திலிருந்து வந்த எரிபொருளை ஊற்றியது என்றாலும், எரிப்பது எரிப்பதுதான்.

சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தி வகையாக இருக்க வேண்டும். கலப்பின வண்டிகளுக்கும் அந்தப் பட்டியலில் இடமுண்டு. ஆனால் அதே ஆண்டுக்குள் 60,000 மின்னூட்டு முனைகள் என்பதும் இலக்கு. கிழக்கிலிருந்து மேற்குவரை 50 கிலோமீட்டர் உள்ள தீவில், வீட்டுக்குக் கீழேயே பிளக் வந்துவிட்டால் ஜெனரேட்டரைச் சுமந்து திரிய என்ன காரணம்?

தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழக ஊழியர்களுக்கு டக்காரில் சொந்தம் கொண்டாட வேறொரு பெயர் உண்டு. ஓசூரின் டிவிஎஸ், பிரான்சின் ஷெர்கோவோடு சேர்ந்து 2015 முதல் மோட்டார் சைக்கிள் பிரிவில் இறங்கியது. 2024இல், ஆடி வென்ற அதே ராலியில், ஷொர்ணூர்க்காரரான ஹரித் நோவா அந்த அணிக்காக ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். அந்தப் பிரிவை வென்ற முதல் இந்தியர் அவர். அவருடைய 450 சிசி வண்டி முழுக்க முழுக்க எரிபொருளில் ஓடுவது. இரு சக்கரத்தில் 370 கிலோ மின்கலத்தை எங்கே வைப்பது?

வெற்றிக்குப் பிறகு ஆடி டக்காரைவிட்டு ஃபார்முலா 1 பக்கம் போய்விட்டது. ஆனால் சோதனை நிற்கவில்லை. 2024இல் டக்கார் அமைப்பாளர்கள் மிஷன் 1000 என்ற தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். முழு மின்சார மோட்டார் சைக்கிள், ஹைட்ரஜன் வண்டி போன்றவை அதில் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் அளவில் ஓடுகின்றன. பாலைவனத்தில் அது இன்னும் பரிசோதனை. சிங்கப்பூர்க் கார் ஒன்று சராசரியாக ஒரு நாளில் ஓடுவது அதில் பாதி தூரம்தான்.